பரணில் கிடந்த பழைய துப்பாக்கி: அடையாளம் காண்பது எப்படி, வயது கணிப்பது எப்படி?

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கிராமம். நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, தாத்தா காலத்து ஓட்டு வீடு. சென்ற கோடையில் அந்த வீட்டைப் பிரித்துத் தளம் போட முடிவு செய்தார்கள். பரணிலிருந்து மரக்கால், பழைய ஏர்க்கலப்பை, ஓட்டை விழுந்த அண்டா என்று ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் சாக்கில் சுற்றி, கயிற்றால் கட்டிய நீளமான ஒரு பொருள் வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் துப்பாக்கி.

"எங்கப்பா வெச்சிருந்தது. வேர்க்கடலைக் காட்டுக்குப் பன்னி வரும்போது ராத்திரியில எடுத்துட்டுப் போவாரு" என்றார் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். மகன் கைப்பேசியில் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினார். "வெள்ளைக்காரன் காலத்து ரைபிள். லட்சக்கணக்கில் போகும், யாரிடமும் சொல்லாதே" என்று பதில் வந்தது. இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து வயதுப் பேரன் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையை அழுத்திவிட்டான். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

எந்தக் காலத்தது, என்ன விலை போகும், வீட்டில் வைத்திருக்கலாமா? அந்த வீட்டில் அன்று மூன்று பேருக்கும் மூன்று கேள்விகள். முதலில் கேட்டிருக்க வேண்டிய நான்காவது கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதற்குள் மருந்து இருக்கிறதா?

முதல் வேலை: தொடாமல் இருப்பது

பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் கேட்டு வந்தவர், பையனைத் தூர நிறுத்திவிட்டு, துப்பாக்கியை மண்சுவரைப் பார்த்தபடி தரையில் கிடத்தச் சொன்னார். "அண்ணே, இது வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. உள்ள இருக்கா இல்லையான்னு வெளியே இருந்து தெரியாது. இருக்குன்னு நெனச்சுத்தான் நடந்துக்கணும்" என்றார்.

இப்போது உள்ள துப்பாக்கிகளில் பின்பக்கத்தைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வாய் வழியாக நிரப்பும் துப்பாக்கியில் பின்பக்கம் அடைப்புதான். முன்வாயில் கருமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ வைத்து, ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கம்பியால் இடித்து இறக்குவார்கள். அன்று இரவு பன்றி வராவிட்டால் மருந்தை வெளியே எடுப்பது சிரமம். அதனால் பலரும் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு, துப்பாக்கியை அப்படியே மாட்டி வைத்துவிடுவார்கள். வைத்தவர் காலமாகிவிட்டால் உள்ளே மருந்து இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்தது. வெடியுப்பு வேறொன்றுமில்லை, இன்று சொட்டுநீரில் 13-0-45 என்று கரைத்து விடும் அதே பொட்டாசியம் நைட்ரேட்தான். கந்தகத்தைச் சாம்பல் நோய்க்குத் தூவுகிறோம். இவை யூரியா மூட்டைபோல் இரண்டு மழைக்காலத்தில் கசிந்து வீணாகிவிடும் பொருள்கள் அல்ல. ஈரம் படாமல் குழலுக்குள் இறுகிக் கிடக்கும் கருமருந்து நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். சூடு பட்டாலும் பொறி பட்டாலும் போதும். பழைய துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைப்பதும், டிரில் போடுவதும், நெருப்பில் காட்டித் துருவை எடுப்பதும் உயிருக்கே ஆபத்து.

ஹவில்தார் அன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வைத்தார். மறுநாள் ஆயுதப் படையின் துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணர் ஒருவர் வந்தார். அவர் செய்த சோதனை எளிமையானது. மெல்லிய மரக் குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, அது தட்டி நின்ற இடத்தில், வாயருகே குச்சியில் ஒரு கோடு போட்டார். பிறகு குச்சியை வெளியே எடுத்து, கோடு குழல் வாய்க்கு நேராக இருக்கும்படி வெளிப்பக்கம் வைத்தார். குழல் காலியாக இருந்தால் குச்சியின் நுனி, கேப் வைக்கும் நிப்பிள் வரை எட்ட வேண்டும். எட்டவில்லை. நாலு விரற்கடை குறைந்தது.

தண்ணீர் விட்டு நன்றாக ஊற வைத்து, திருகு முனையுள்ள கம்பியால் அவர் வெளியே எடுத்தவை ஒரு கந்தல் துணி உருண்டை, ஏழெட்டு ஈயத் துண்டுகள், கரிய களியாகிப்போன மருந்து. பெரியவரின் தகப்பனார் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை காலமும் அது பரணில் மருந்தோடு கிடந்திருக்கிறது. பேரன் குதிரையைத் தட்டியபோது நிப்பிள் மேல் ஒரு கேப் மட்டும்தான் இல்லை.

இந்தக் குச்சிச் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம். பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை அது.

கேப் துப்பாக்கி எப்போது வந்தது?

மாட்டுக்கு வயது பார்க்கப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பழைய துப்பாக்கிக்கு முதலில் பார்க்க வேண்டியது அது தீப்பிடிக்கும் முறை.

மிகப் பழையது திரித் துப்பாக்கி. எரியும் திரி ஒன்று வளைந்து வந்து மருந்தைத் தொடும். அடுத்தது சக்கிமுக்கிக் கல் வைத்தது. குதிரையின் வாயில் கல் துண்டு இருக்கும். அது இரும்பில் உரசிப் பொறி பறக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் உள்ள மருந்து பற்றி, பிறகு குழலுக்குள் தீ போகும். மழை பெய்தால் இரண்டுமே உதவாது.

இதை மாற்றியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் என்ற பாதிரியார். அவருக்கு வாத்து வேட்டையில் ஆர்வம் அதிகம். கல் துப்பாக்கியில் கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரிவதைப் பார்த்ததுமே, குண்டு வருவதற்குள் பறவைகள் பறந்துவிடும். தட்டினாலே வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தி அவர் ஒரு விசையைச் செய்து, 1807இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிறு செம்புத் தொப்பி போன்ற கேப். குழலின் பின்பக்கம் துளையுள்ள ஒரு நிப்பிள் நிற்கும். அதன் மேல் கேப்பை மாட்டி, குதிரை தட்டினால் கேப் வெடித்து, தீ துளை வழியாக உள்ளே போகும். பிரிட்டிஷ் ராணுவம் 1838 முதல் 1842க்குள் இந்த முறைக்கு மாறியது.

ஆகவே, ஆரம்பத்திலிருந்தே நிப்பிள் வைத்துச் செய்த ராணுவத் துப்பாக்கி என்றால் அது ஏறத்தாழ 1840க்குப் பிந்தையது. 1866இல் பின்பக்கம் திறக்கும் ஸ்னைடர் முறையை பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதோடு வாய் வழி நிரப்பும் ராணுவத் துப்பாக்கிகளின் காலம் முடிந்தது. பின்பக்கம், வலதுபுறம் கீல் வைத்துத் திறக்கும் மூடி இருந்தால், அது இந்தக் கட்டுரையில் சொல்லும் வகை அல்ல.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ராணுவத்தில்தான் 1866 எல்லை. பயிர்க் காவலுக்கான ஒற்றைக் குழல் கேப் துப்பாக்கிகளை உரிமம் பெற்ற சிறு பட்டறைகள் இருபதாம் நூற்றாண்டிலும் செய்து விற்றன. எனவே, கேப் போட்டு வெடிக்கிறது என்பதால் மட்டும் ஒரு துப்பாக்கி நூறு வயதைத் தாண்டியது என்று சொல்லிவிட முடியாது.

என்ஃபீல்டு 1853: நம் நாட்டுக்குத் தெரிந்த பெயர்

இந்தியாவில் கிடைக்கும் பழைய கேப் ரைபிள்களில் அதிகம் பேசப்படுவது 1853ஆம் வருஷ மாதிரி என்ஃபீல்டு. பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். காகிதத் தோட்டாவில் தடவியது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவி 1857 கிளர்ச்சிக்குத் தீப்பொறியானது இந்த ரைபிளின் தோட்டாதான். கல்கத்தாவுக்கு அருகில் டம்டம் பயிற்சி முகாமில் அந்தப் பேச்சு முதலில் கிளம்பியது. தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும் என்பதால்தான் கொழுப்பு அவ்வளவு பெரிய பிரச்சினை ஆயிற்று. சில வருஷங்கள் கழித்து அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் இதே ரைபிளை இறக்குமதி செய்து பயன்படுத்தின.

இதன் அங்க அடையாளங்கள்:

மொத்த நீளம் 55 அங்குலம், அதாவது 4 அடி 7 அங்குலம். குழல் மட்டும் 39 அங்குலம். எடை ஏறத்தாழ 4.3 கிலோ.

குழலைக் கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் மூன்று. இதே குடும்பத்தில் 33 அங்குலக் குழலும் இரண்டு பட்டையும் கொண்ட குட்டை ரைபிளும், குதிரைப் படைக்கும் பீரங்கிப் படைக்கும் செய்த இன்னும் குட்டையானவையும் உண்டு.

கட்டை வால்நட் மரம். அடித் தகடு, விசைக் காப்பு வளையம், கட்டையின் முன் நுனி ஆகியவை பித்தளை.

குழலின் மேல், ஏணிபோல் நிமிர்த்தும் குறிபார்க்கும் தகடு. அதில் கெஜக் கணக்கு வெட்டியிருக்கும்.

குழலின் உள்விட்டம் 0.577 அங்குலம், அதாவது 14.7 மி.மீ. அளவு. உள்ளே மூன்று புரிகள் முறுக்கிக்கொண்டு போகும். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கு, ஆகவே குழல் முழுவதும் சேர்ந்து அரைச் சுற்றுதான்.

புரி இருந்தால்தான் அது ரைபிள். புரி இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அது ரைபிள் அல்ல, வெறும் துப்பாக்கி. புரி குண்டைச் சுழல வைக்கும். பம்பரம் சுற்றும்போது சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டு நேராகப் போகும். குண்டின் அடிப்பாகம் குழிவாக இருந்ததால், மருந்து வெடித்ததும் அது விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும். இந்த யோசனையைப் பிரபலமாக்கியவர் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி.

உடம்பில் இருக்கும் ஜாதகம்

மங்களூர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனிப் பெயர் பதித்திருக்கும். சான்று விதை மூட்டையில் அட்டை இருக்கும். துப்பாக்கியில் முத்திரைகள் மூன்று நான்கு இடங்களில் இருக்கும்.

முதல் இடம், விசைத் தகடு. வலது பக்கம் குதிரை பொருத்தியிருக்கும் இரும்புத் தகடு இது. குதிரைக்குப் பின்னால் ஒரு கிரீடமும், அதன் கீழே விக்டோரியா ராணியைக் குறிக்கும் 'வி', 'ஆர்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அரசுக்காகச் செய்தது. குதிரைக்கு முன்னால் வருஷமும், 'என்ஃபீல்டு' அல்லது 'டவர்' என்ற ஆங்கில வார்த்தையும் இருக்கும். என்ஃபீல்டு என்றால் அரசுத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் செய்தது. டவர் என்றால் ஒப்பந்தக்காரர்கள் செய்து, அரசு வாங்கியது. கிரீடம் மட்டும் இருந்து, கீழே அந்த இரண்டு எழுத்துகளும் இல்லாவிட்டால், பெரும்பாலும் தனியார் வணிகத்துக்காகச் செய்தது.

கிரீடத்துக்குப் பதிலாக, பின்னங்காலில் நின்று கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் இருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. கம்பெனியின் ஆட்சி 1858இல் பிரிட்டிஷ் அரசியின் கைக்கு மாறியது. ஆகவே, சிங்க முத்திரை உள்ள தகடு அந்தக் காலத்துக்கு முந்தையது என்று கொள்ளலாம்.

இரண்டாவது இடம், குழலின் இடது பக்கப் பின்பகுதி. இங்கே சோதனை முத்திரைகள் இருக்கும். பர்மிங்காமில் 1813இல் சோதனைக்கூடம் தொடங்கியது. கிரீடத்தின் கீழ் இரண்டு செங்கோல்கள் குறுக்காக இருப்பது அதன் குறி. அந்த வடிவம் 1904 வரை இருந்தது. பக்கத்தில் 24 அல்லது 25 என்ற எண் இருக்கலாம். அது வருஷம் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை செய்யலாம் என்ற கணக்கு. 12 போர் துப்பாக்கி என்று சொல்கிறோமே, அதே கணக்குதான். எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது, அம்புக்குறி. பிரிட்டிஷ் அரசின் சொத்துக்கு மூன்று கோடுள்ள அம்புத் தலை பதிப்பார்கள். அதன் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசின் சொத்து. இரண்டு அம்புத் தலைகள் நுனிக்கு நுனி எதிரெதிராக இருந்தால், படையிலிருந்து கழித்து விற்றுவிட்டார்கள் என்று பொருள்.

நான்காவது, பித்தளை அடித் தகடும் கட்டையும். படைப்பிரிவின் எழுத்துகளும், வரிசை எண்ணும் இங்கே இருக்கும். பிற்காலத்தில் உரிமம் கொடுத்தபோது குத்திய எண்ணும் பெரும்பாலும் இங்கேயோ குழலிலோ இருக்கும்.

ஏமாற்றும் அடையாளங்கள்

விசைத் தகட்டில் உள்ள வருஷம், அந்தத் தகட்டின் வருஷம் மட்டுமே. குழல், கட்டை, தகடு மூன்றையும் வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து எடுத்துச் சேர்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். எல்லாப் பாகங்களிலும் கடைசியாகச் சேர்ந்தது எதுவோ, அதற்கு முன்னால் இந்தத் துப்பாக்கி இந்த உருவத்தில் இருந்திருக்க முடியாது. பழைய வீட்டுக்குப் புதுக் கதவு போட்டால், வீடு பழையது, கதவு புதியது என்றுதானே சொல்வோம்.

விசைத் தகட்டில் அடைத்த ஓட்டைகள் தெரிந்தால், முதலில் கல் துப்பாக்கியாக இருந்து பிறகு கேப் துப்பாக்கியாக மாற்றியது. அதன் குழலும் தகடும் கேப் வந்த காலத்தைவிடப் பழையவையாக இருக்கலாம்.

ஆப்கான் எல்லைப் பகுதிப் பட்டறைகளில் என்ஃபீல்டைப் பார்த்துக் கையாலேயே நகல் செய்தார்கள். அவற்றில் ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவோ, இட வலம் மாறியோ, எழுத்துப் பிழையோடோ இருக்கும். விக்டோரியா ராணி 1901இல் இறந்துவிட்டார். அவருடைய எழுத்துகளோடு அதற்குப் பிந்தைய வருஷம் பதித்திருந்தால் அது சந்தேகத்துக்குரியது. நேபாளத்திலும் இதே மாதிரியில் செய்தார்கள். அவற்றில் தேவநாகரி எழுத்துகள் இருக்கும்.

இன்னொரு முக்கியமான குழப்பம் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களிடம் தூரம் பாயும் ரைபிளைக் கொடுக்க ஆங்கிலேயர்கள் தயங்கினார்கள். அதனால் வெளித் தோற்றத்தில் என்ஃபீல்டு போலவே, உள்ளே புரி இல்லாத துப்பாக்கியைச் செய்து கொடுத்தார்கள். அதன் உள்விட்டம் 0.656 அங்குலம், அதாவது 16.7 மி.மீ. அளவு. ஏணித் தகட்டுக்குப் பதில் அசையாத எளிய குறிதான் இருக்கும். படத்தைப் பார்த்து 'என்ஃபீல்டு ரைபிள்' என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்த வகையாக இருக்கும்.

அந்த வீட்டுத் துப்பாக்கி சொன்னது

மருந்தை எடுத்து ஆபத்து நீங்கிய பிறகு, டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தார்கள். விசைத் தகட்டில் கிரீடம், அதன் கீழ் இரண்டு எழுத்துகள், 'டவர்', 1859. குழலின் வாயில் வெளிச்சம் காட்டினால் உள்ளே புரி இல்லை. அளந்தால் 17 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பின்குறி அசையாதது. குழலின் மேல் எதிரெதிரான இரண்டு அம்புத் தலைகள்.

ஆனால் குழல் நீளம் 30 அங்குலம்தான் இருந்தது. முன்னால் அறுத்திருக்கிறார்கள். பட்டை மூன்றில் ஒன்றுதான் மிச்சம். மற்ற இரண்டும் இருந்த இடத்தில் ஒன்றின் தழும்பு கட்டையில் தெரிந்தது, இன்னொன்று அறுத்த பகுதியோடு போய்விட்டது. கட்டையின் கழுத்து உடைந்து, செம்புத் தகடு வைத்து உள்ளூர்க் கொல்லர் ஆணி அடித்திருந்தார். அடித் தகட்டில் உரிம எண் குத்தியிருந்தது.

ஆகவே, அது ரைபிள் அல்ல. அநேகமாக, 1857க்குப் பிறகு இந்தியப் படைக்காகச் செய்த புரியில்லாத துப்பாக்கி. விசைத் தகட்டின் வருஷம் 1859. படையிலிருந்து கழித்து விற்ற பிறகு, யாரோ குழலை அறுத்துப் பயிர்க் காவலுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய துப்பாக்கிக்குச் சேகரிப்பாளர்களிடம் பெரிய மதிப்பு கிடையாது. நண்பர் சொன்ன லட்சம் அத்தோடு போயிற்று. "பரவால்ல. எங்கப்பா ராத்திரி முழுக்கக் காட்டுல நின்னதுக்கு அதுதான் சாட்சி" என்றார் பெரியவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

டிரங்குப் பெட்டியைத் துழாவியதில் பழைய உரிமப் புத்தகம் கிடைத்தது. கடைசியாகப் புதுப்பித்தது 1981இல். உரிமம் தகப்பனார் பெயரில். அவர் இறந்த பிறகு யாரும் ஒப்படைக்கவும் இல்லை, பெயர் மாற்றவும் இல்லை. பல கிராமங்களில் நடப்பது இதுதான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மறதிதான். ஆனால் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறைத் தண்டனை உண்டு.

அதே சட்டம் ஒரு வழியும் காட்டுகிறது. உரிமக்காலம் முடிந்தோ வேறு காரணத்தாலோ வைத்திருக்கும் உரிமை இல்லாமல் போனால், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். அதன் பிறகு வாரிசு என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்காமல் விட்டால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும்.

பயிர்க் காவலுக்கென்று வாய் வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க இந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இடம் உண்டு. நிலத்தின் பட்டா, சிட்டா, உண்மையிலேயே சேதம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம் ஆகியவை இதற்கு உதவும்.

பெரியவர் வீட்டார் ரசீதோடு திரும்பினார்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுத்து விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். உரிமம் கிடைத்தால் வீட்டுக்கு வரும், இல்லாவிட்டால் அரசுக்குப் போகட்டும் என்பது குடும்பத்தின் முடிவு. பேரன் அந்தப் பக்கமே போவதில்லை.

நினைவில் வைக்க வேண்டியவை

* பழைய துப்பாக்கி கிடைத்தால், உள்ளே மருந்து இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழல் வாய்க்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது.
* குதிரையை இழுக்காதீர்கள். நிப்பிள் மேல் எதையும் வைக்காதீர்கள். குழந்தைகளை விலக்குங்கள்.
* உப்புத்தாள், புளி, அமிலம் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரை தேய்ந்தால் வயது தெரியாமல் போகும். அடையாள எண்ணையும் பெயரையும் அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.
* நீங்களே எடுத்துக்கொண்டு பேருந்தில் போகாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.
* பெட்டியில் உள்ள பழைய காகிதங்களை எரித்துவிடாதீர்கள். உரிமப் புத்தகம்தான் குடும்பத்தைக் காப்பாற்றும் முதல் ஆதாரம்.

வாசகர் கேள்விகள்

*உரிமம் கிடைத்தால் காட்டுப்பன்றியைச் சுடலாமா?*

கூடாது. துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றம். சேதம் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, இழப்பீடு கேட்க வேண்டும்.

*குடகில் பலர் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கிறார்களே?*

குடவர் சமூகத்தாருக்கும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்து தனி விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அது குடகு மக்களுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு அந்த விலக்கு இல்லை.

*துருப்பிடித்து, இனி வெடிக்கவே முடியாத துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டுமா?*

பழுது பார்த்தாலும் பயன்படுத்த முடியாத, வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் ஒரு துப்பாக்கி அந்த வகையில் அடங்குமா என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்ளக் கூடாது. நிப்பிளை மாற்றினால் மறுபடி வெடிக்கும் துப்பாக்கிகள் நிறைய உண்டு. அதிகாரிகளிடம் காட்டி எழுத்து மூலம் பெறுவதே பாதுகாப்பு.

*யாருக்காவது விற்கலாமா?*

உரிமம் உள்ளவர், உரிமம் உள்ள இன்னொருவருக்குத்தான் விற்க முடியும். அதற்கும் 45 நாட்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கைப்பேசியில் படம் போட்டு விலை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

*இப்படிப்பட்ட துப்பாக்கிகளை நேரில் பார்த்து ஒப்பிட முடியுமா?*

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து வந்தவை உள்பட பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் கம்பெனி காலத்து ஆயுதங்கள் உண்டு. சென்னை போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் காட்டலாம். துப்பாக்கியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.